ஐயாயிரத்துக்குள் ஒரு கிடார்

1. திரும்பி வந்த கறுப்புக் கிடார்

அந்தப் பெண் கிடாரைப் பையோடு கவுன்டர் மேல் வைத்தார். பையைத் திறக்கவில்லை. இடது கையை மட்டும் என் முன்னால் விரித்துக் காட்டினார். மூன்று விரல்களின் நுனியில் தோல் பிய்ந்திருந்தது. நடுவிரலில் பிளாஸ்திரி.

"தப்பு எம் மேலயா, இது மேலயா? அதை மட்டும் சொல்லுங்க பாய். நான் போயிருறேன்."

மூன்று வாரத்துக்கு முன்னால் அந்தக் கிடாரை அவருக்கு விற்றவன் நான்தான்.

இது நடந்து எட்டு வருஷம் இருக்கும். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்ட் பக்கம் இருக்கிற அதே இசைக்கருவிக் கடையில்தான் இன்றைக்கும் வேலை பார்க்கிறேன். இப்போது கிடார் செக்‌ஷன் முழுக்க என் பொறுப்பு. கடைக்குப் புதிதாக வேலைக்கு வருகிறவர்கள், "கம்மி பட்ஜெட்ல ஒருத்தர் வந்தா எதைப் பாத்து எடுத்துக் கொடுக்குறது?" என்று கேட்பார்கள். அதற்கு நான் சொல்கிற பதில் எல்லாம் அந்தப் பெண்ணிடம் தோற்றுக் கற்றுக்கொண்டது. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

அவர் பெயர் ஆரோக்கியமேரி. அப்போது நாற்பது வயது. ஊர் சேவுகம்பட்டிப் பக்கம் ஒரு கிராமம். நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டில் ஒரு கடையில் பூக் கட்டும் வேலை.

சத்தம் கேட்டு முதலாளி உள்ளறையிலிருந்து வந்தார். இன்னாசி சார். நல்ல மனிதர், ஆனால் விற்ற பொருளைத் திருப்பி எடுக்கிற பழக்கம் கிடையாது. ஆரம்பத்தில் எல்லாருக்கும் விரல் வலிக்கும் என்றும், ஒரு மாதம் போனால் நுனி காய்த்துப்போய்ச் சரியாகிவிடும் என்றும் அவரிடம் பொறுமையாகவே சொன்னார். அது பொய் இல்லை. எல்லாருக்கும் வலிக்கத்தான் செய்யும்.

"சார், பதினெட்டு வருசமா நாரை இழுத்துக் கட்டுன கை இது" என்றார் அவர். "வலிக்குதுன்னு நான் வரல. எம்புட்டு அமுக்குனாலும் சத்தம் வரல. அதுக்குத்தான் வந்தேன்."

இன்னாசி சார் என்னைப் பார்த்தார். நான் கிடாரைப் பார்த்தேன்.

அவர் பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. சண்டை போடவும் இல்லை. வாடிக்கையாளர் உட்காருவதற்காகப் போட்டிருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பதில் தெரியாமல் பஸ் ஏறப்போவதில்லை என்று அவர் உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது. கடைசியில் நான், ஒரு வாரம் டைம் கொடுங்கள், கிடாரை வைத்துவிட்டுப் போங்கள், என்ன கோளாறு என்று பார்த்து வைக்கிறேன் என்றேன். முதலாளியைக் கேட்காமல்தான் சொன்னேன்.

அப்போதுதான் எதற்காக அவசரம் என்று சொன்னார். அவர்கள் ஊர்க் கோயிலில் பாடுகிற குழுவுக்கு வாசித்துக்கொண்டிருந்தவர் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார். குழுவில் மிச்சம் இருப்பது எல்லாம் பெண்கள். வாத்தியம் இல்லாமல் பாடியபோது, திருவிழாவுக்கு வெளியூரிலிருந்து ஒரு பாட்டுப் பார்ட்டியைக் கூலிக்குக் கூப்பிடலாம், இந்தப் பெண்கள் உட்கார்ந்து கேட்கட்டும் என்று ஊரில் பேச்சு வந்திருக்கிறது. ஆரோக்கியமேரி பங்குச் சாமியாரிடம் போய், திருவிழாவுக்குள் நான் கிடார் கற்றுக்கொள்கிறேன், எங்களையே பாட விடுங்கள் என்று கேட்டிருக்கிறார். சாமியார் சரி என்று சொல்லிவிட்டார். ஊரில் பாதிப் பேர் சிரித்திருக்கிறார்கள். வீட்டுக்காரர் சிரிக்கவில்லை, ஆனால் ஐயாயிரம் ரூபாய்ச் சாமான் ஒரு மாதத்தில் பீரோ மேல் ஏறிவிடும் என்று சொல்லியிருக்கிறார்.

திருவிழாவுக்கு எட்டு வாரம் இருந்தது.

2. நான் விற்ற விதம்

இதைச் சொல்லாமல் விட்டால் கதை எனக்குச் சாதகமாகிவிடும்.

எனக்குக் கிடார் தெரியாது. அதற்கு முன்னால் நான் பூட்டுப் பட்டறையில் இருந்தவன். பத்தொன்பது வருஷம் லீவர் பூட்டுக்கு அரம் வைத்துச் சாவி ராவியிருக்கிறேன். பட்டறையை ஊருக்கு வெளியே மாற்றியபோது எனக்குத் தோதுப்படவில்லை. ஆர்மோனியம், டிரம் செட், கிடார்ப் பெட்டிகளின் கிளிப், கீல் எல்லாம் பழுது பார்க்க இந்தக் கடையில் ஆள் தேவைப்பட்டது, வந்து சேர்ந்தேன். ஆறு மாதம் ஆனதும் கவுன்டரில் நிற்கச் சொன்னார்கள். கிடாரில் 'நட்' என்று ஒன்று இருக்கிறது. முதல் முறை அந்த வார்த்தையைக் கேட்டபோது ஸ்பேனர் எடுத்து வந்தவன் நான். அது போல்ட்டு நட்டு இல்லை. கிடாரின் கழுத்துக்குத் தலைமாட்டில், ஆறு கம்பியும் ஆறு பள்ளத்தில் உட்கார்ந்து போகிற வெள்ளைப் பட்டை.

ஆரோக்கியமேரி முதல் தடவை வந்தபோது, ஐயாயிரத்துக்குள் வேண்டும், நான் புதிதாகக் கற்கப்போகிறேன் என்று சொன்னார். எதற்கு, எங்கே வாசிக்க என்று நான் கேட்கவில்லை. சுவரில் தொங்கியதில் பளபளப்பாக இருந்த கறுப்புக் கிடாரை எடுத்தேன். ஓரம் வெட்டிய ஸ்டைல். பக்கவாட்டில் நாலு திருகு வைத்த பிக்கப், அதாவது ஸ்பீக்கரில் பிளக் போட்டு வாசிக்கிற ஏற்பாடு. கூடவே பை, தோளில் மாட்டும் வார், சுதி பார்க்கும் டியூனர், கம்பியை மீட்டும் பிளெக்ட்ரம் வில்லை மூன்று இலவசம். இது நல்லா மூவ் ஆகிற மாடல் என்றேன். அவர் வாங்கிக்கொண்டு போனார். கடையை விட்டுப் போகும் முன் அவரை உட்கார வைத்து, மடியில் கொடுத்து, ஒரு கம்பியை அமுக்கிப் பார்க்கச் சொல்லியிருந்தால் அன்றைக்கே விஷயம் தெரிந்திருக்கும். ஐந்து நிமிஷ வேலை.

3. அரம் செய்த வேலை

அவர் போன பிறகு கிடாரை மேஜையில் கிடத்திப் பார்த்தேன். கம்பி எல்லாம் கழுத்தை விட்டு எட்ட நின்றன. கடையில் இருந்த விலை கூடின கிடார் ஒன்றைப் பக்கத்தில் வைத்தேன். கழுத்தில் குறுக்கே ஓடும் உலோகக் கோடுகளை ஃப்ரெட் என்போம். பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு மேல், தடிமனான ஆறாவது கம்பிக்குக் கீழே ஒரு ரூபாய்க் காசுகளை அடுக்கினேன். நல்ல கிடாரில் இரண்டு காசு வைத்ததும் கம்பியைத் தொட்டது. கறுப்புக் கிடாரில் மூன்று காசு வைத்த பிறகும் இடைவெளி இருந்தது. இந்த உயரத்தைத்தான் கடைக்காரர்கள் ஆக்‌ஷன் என்கிறார்கள். ஆறு மாதமாக அந்த வார்த்தையைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் அர்த்தம் தெரிந்தது.

தலைமாட்டில் பார்த்தால் நட்டின் பள்ளங்களும் சரியாக வெட்டப்படவில்லை. கம்பி பள்ளத்துக்குள் இறங்காமல் மேலேயே உட்கார்ந்திருந்தது. முதல் ஃப்ரெட்டில் அமுக்குவதற்குக் கட்டை விரலை முறித்துக்கொள்ள வேண்டியிருந்தது. புதிதாகக் கற்கிறவர் வாசிப்பதெல்லாம் முதல் மூன்று ஃப்ரெட்டில்தான்.

பள்ளம் ராவுவது எனக்குப் புதிதா என்று நினைத்தேன். வீட்டிலிருந்து பழைய சாவி அரங்களைக் கொண்டுவந்தேன். முதலாளியிடம் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பார், டிஸ்ட்ரிப்யூட்டருக்குத் திருப்பி அனுப்பலாமா என்று யோசிப்பார், அது வந்து சேர இரண்டு மாதம் ஆகும். அந்த அம்மாவுக்கு அவ்வளவு நாள் இல்லை. இப்படித்தான் எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

ஐந்து பள்ளம் ஒழுங்காக வந்தது. கடைசியாக எடுத்த ஒல்லியான முதல் கம்பியின் பள்ளத்தில் ஒரு இழுப்பு அதிகமாகப் போய்விட்டது. சாவியில் ஒரு இழுப்பு கூடினால் இன்னொரு சாவி எடுத்துக்கொள்ளலாம். இங்கே கம்பி போய் முதல் ஃப்ரெட்டில் படுத்துக்கொண்டது. தட்டினால் ஈ பறக்கிற மாதிரி ஓசை.

அதைவிடப் பெரிய விஷயத்தை அதற்குப் பிறகுதான் பார்த்தேன். கம்பிகளைக் கழற்றிவிட்டு, இரும்புக் கம்பி நேராக இருக்கிறதா என்று பட்டறையில் ஒரு கண்ணை மூடிப் பார்ப்போமே, அதேபோலக் கழுத்தை நீளவாக்கில் பார்த்தேன். கழுத்து முறுக்கிக்கொண்டிருந்தது. நான் எந்தப் பள்ளத்தை எவ்வளவு அழகாக ராவியிருந்தாலும் அந்தக் கிடார் சரியாகியிருக்காது. முதலில் இதைப் பார்த்திருந்தால் அரத்தையே தொட்டிருக்க மாட்டேன். கம்பெனி டிஃபெக்ட் என்று திருப்பி அனுப்பியிருக்கலாம். இப்போது என் அரம் பட்ட கிடாரை எந்த டிஸ்ட்ரிப்யூட்டரும் திரும்ப எடுக்க மாட்டான்.

சனிக்கிழமை மத்தியானம் ஆரோக்கியமேரி வந்தார். மார்க்கெட் முடிந்து நேராக பஸ் ஏறி வந்திருந்தார். சேலை மடிப்பில் மல்லிகை மணத்தது. முதலாளி சாப்பிடப் போயிருந்தார். பள்ளத்தைக் காட்டி, நான் கெடுத்துவிட்டேன் என்று சொன்னேன். கழுத்தையும் காட்டினேன். தப்பு உங்கள் மேல் இல்லை, இது யார் கையிலும் பேசாது என்றேன்.

அவர் முறுக்கிய கழுத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"எனக்கு இதெல்லாம் தெரியாது. சரி பண்ணிட்டேன்னு சொல்லிக் கொடுத்துவிட்டிருக்கலாமே?"

"கொடுத்திருக்கலாம்மா."

"அப்ப அடுத்து என்ன செய்யணும்னு பாருங்க பாய். எனக்கு ஏழு வாரந்தான் இருக்கு."

திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

4. இன்னாசி சார் அமுக்கிப் பார்த்தது

முதலாளி வந்ததும் அவரிடமும் சொன்னேன். ஆரோக்கியமேரி ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும்போதே சொன்னேன். தனியாகச் சொன்னால் பேச்சு வேறு மாதிரி போகும் என்று தெரியும்.

கோபம் வந்தது அவருக்கு. கடைப் பொருளைக் கேட்காமல் தொட்டதற்கு, கெடுத்ததற்கு, அதை வாடிக்கையாளர் முன்னாலேயே சொன்னதற்கு. எல்லாம் நியாயமான கோபம். பட்டறைக்காரனைக் கவுன்டரில் நிறுத்தியது தன் தப்பு என்றார். அன்றைக்கு வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். ஆனால் மாற்றுக் கிடார் கொடுக்க வைக்காமல் போகக்கூடாது என்று மட்டும் மனதில் உறுதி செய்துகொண்டேன். அந்தக் கறுப்பு மாடலில் நான் தொடாத இன்னொன்று சுவரில் தொங்கியது. அதை இறக்கி அவர் முன்னால் வைத்தேன்.

இன்னாசி சார் கீபோர்டு நன்றாக வாசிப்பார். ஞாயிற்றுக்கிழமை அவர் கோயிலில் அவர்தான் வாசிக்கிறார். கிடாரை விற்பாரே ஒழிய, எடுத்து மடியில் வைத்ததில்லை.

"சார், ஒரு தடவை நீங்க சி கார்டு பிடிச்சுப் பாருங்க" என்றேன்.

என்ன நினைத்தாரோ, வாங்கிக்கொண்டார். கார்டு என்றால் பல கம்பிகளை ஒரே நேரத்தில் அமுக்கி எழுப்பும் சுரக்கூட்டு; எந்த விரல் எங்கே என்று சுவரில் இருந்த சார்ட்டைப் பார்த்து வைத்தார். வலது கையால் தடவினார். இரண்டு கம்பி மட்டும் பேசியது, மற்றது எல்லாம் டொக், டொக் என்றது. இன்னும் அழுத்தினார். முகம் சிவந்தது. மறுபடி தடவினார். மூன்று கம்பி. கையை எடுத்து விரல் நுனியைப் பார்த்தார். கம்பி பதிந்த கோடு ஆழமாக இருந்தது.

அவர் எழுந்து போய்க் கிடாரைத் தானே சுவரில் மாட்டினார். பிறகு அதைக் கழற்றி உள்ளறைக்குள் கொண்டுபோய் வைத்தார்.

"இதையா வித்தோம்?" என்றார்.

"நான்தான் சார் வித்தேன்."

"பில்லுல எம் பேருல்ல இருக்கு."

அவ்வளவுதான். அதே விலைக்குள் எதை வேண்டுமானாலும் மாற்றிக் கொடு, ஆனால் இந்தத் தடவை எப்படிப் பார்த்து எடுத்தாய் என்று எனக்கு விளக்கம் சொல்லணும் என்றார். நான் கெடுத்த கிடாரை என்ன செய்வது என்று கேட்டதற்கு, நீயே வைத்து ராவிப் பழகு, இனி அடுத்தவர் கிடாரில் பழகாதே என்றார். அதில்தான் பிறகு நட் மாற்றவும், வயிற்றுப் பக்கத்துப் பிரிட்ஜில் கம்பி ஏறி நிற்கும் பட்டையைத் தேய்த்து இறக்கவும் கற்றுக்கொண்டேன்.

5. பதினான்கு கிடார்

ஐயாயிரத்துக்குள் கடையில் பதினான்கு கிடார் இருந்தது. ஆரோக்கியமேரி புதன்கிழமை வருவதாகச் சொல்லிப் போனார். அதற்குள் பதினான்கையும் பார்த்துவிடுவது என்று உட்கார்ந்தேன். எனக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் ஒரு பூட்டு சரியா தப்பா என்று பார்க்க அந்தப் பூட்டு மாட்டுகிற வீட்டில் குடியிருக்க வேண்டியதில்லை.

முதலில் கழுத்து. ஒரு கண்ணை மூடிப் பார்த்ததிலேயே மூன்று கிடார் போயிற்று. பிறகு காசு. இரண்டு காசுக்கு மேல் இடம் கொடுத்தவற்றில் நாலு, பிரிட்ஜ் பட்டையைத் தேய்த்தாலும் இறங்காத அளவு உயரம், அவையும் போயின. பிரிட்ஜ், அதாவது வயிற்றுப் பக்கம் கம்பியைப் பிடித்திருக்கும் கட்டை, பலகையோடு ஒட்டியிருக்கிறதா என்று ஓரத்தில் காகிதத்தைச் செருகிப் பார்த்தேன். ஒன்றில் காகிதம் உள்ளே போனது. நம் ஊர் வெயிலில் பசை விட்டிருக்கிறது. அதே வெயிலில் கழுத்து மரம் சுருங்கி, இரண்டு கிடாரில் ஃப்ரெட்டின் முனைகள் வெளியே துருத்திக்கொண்டு கையைக் கீறின. அதை ராவிவிடலாம், அது ஒரு குறை இல்லை. ஆனால் அந்த இரண்டிலும் கம்பியை முறுக்கும் டியூனிங் கீ லொடலொட என்று ஆடியது. சுதி சேர்த்து வைத்து டீ குடித்துவிட்டு வந்தால் இறங்கிப்போயிருந்தது.

மிச்சம் நாலு. அந்த நாலிலும் ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் அமுக்கித் தட்டினேன். ஒரு கிடாருக்கு நூற்றுக்கும் மேல் தடவை. இரண்டில் ஏழாவது ஃப்ரெட்டுக்கு மேல் கரகரவென்றது. கடைசியில் நின்றது இரண்டே இரண்டு. இரண்டும் பிக்கப் இல்லாதவை, ஓரம் வெட்டாதவை, பளபளப்பும் இல்லை. ஒரே விலையில் ஒரு கிடாரில் பிளக்கும் திருகும் மினுக்கும் இருக்கிறதென்றால், அந்தக் காசு கழுத்திலிருந்துதான் எடுக்கப்பட்டிருக்கும். இதுவும் அன்றைக்குத் தெரிந்துகொண்டதுதான்.

புதன்கிழமை அவர் வந்ததும் இரண்டையும் மடியில் கொடுத்தேன். நைலான் கம்பி போட்ட கிடாரையும் ஒன்று எடுத்து வைத்திருந்தேன். விரலுக்கு மெத்தென்று இருக்கும் என்று. அவர் அதை வாங்கிப் பார்த்தார். கழுத்து அகலம் கூடுதல், அவர் விரல்கள் குட்டை, எட்டவில்லை. சத்தமும் மெதுவாக வந்தது. எங்கள் கோயிலில் மைக் ஒன்றுதான், அதைப் பாடுகிறவர்கள் பிடித்திருப்பார்கள் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

இரண்டில் ஒன்று பெரிய உடம்பு. மற்றது கொஞ்சம் சிறியது, மங்கலான பழுப்பு நிறம், பின்பக்கம் ஒரு நீளக் கீறல். அந்தக் கீறலைப் பார்த்தே எத்தனையோ பேர் வேண்டாம் என்று வைத்துவிட்டுப் போன கிடார் அது. பெரியதில்தான் சத்தம் கூடுதல் என்பதால் நான் அதைத்தான் சொன்னேன்.

அவர் என் பேச்சைக் கேட்கவில்லை. இரண்டையும் மாற்றி மாற்றி வைத்து, ஒவ்வொன்றிலும் அரை மணி நேரம் உட்கார்ந்தார். நடுவில் இரண்டு பேர் வந்து பியூகிள், பிளெக்ட்ரம் வாங்கிக்கொண்டு போனார்கள். அவர் தலை நிமிரவில்லை. கடைசியில் சின்னதைக் கையில் எடுத்தார்.

"பெருசை வெச்சா வலது தோள் தூக்கிக்கிருது பாய். காலையில நாலு மணியிலருந்து குனிஞ்சு பூக் கட்டுற தோளு. அதோட தினம் ஒரு மணி நேரம் மல்லுக்கட்ட முடியாது. இதுல தோளு பாட்டுக்குச் சும்மா இருக்கு."

விற்கிறவன் நான் கம்பியைப் பார்த்தேன், கழுத்தைப் பார்த்தேன், வாசிக்கப்போகிற ஆளைப் பார்க்கவில்லை. அந்தக் கடைசிச் சோதனையை அவர்தான் செய்தார்.

சின்னதின் பிரிட்ஜ் பட்டையைக் கொஞ்சம் தேய்த்து இறக்கி, ஒல்லியான கம்பி செட் போட்டுக் கொடுத்தேன். இம்முறை தேய்க்குமுன் முதலாளியைக் கேட்டேன். அவர் பக்கத்திலேயே நின்று பார்த்துவிட்டு, அந்த அம்மாவிடம் திருவிழாவுக்கு என்னென்ன பாட்டு என்று விசாரித்தார். ஆறு பாட்டு. அவர் கீபோர்டில் ஒவ்வொன்றாக வாசித்துப் பார்த்து, கஷ்டமான கார்டு வராதபடி ஆறையும் ஒரே சுதிக்கு மாற்றி, ஒரு நோட்டில் வரிக்கு மேலே கார்டு பெயர்களை எழுதிக் கொடுத்தார். ஜி, சி, டி, இ மைனர். நாலே நாலு கார்டு.

"இந்த நாலு மட்டும் போதும்மா. அஞ்சாவது படிக்காதீங்க. ஒண்ணுலருந்து ஒண்ணுக்கு விரல் மாறுறதை மட்டும் பழகுங்க" என்றார்.

6. திருவிழாத் திருப்பலி

அடுத்த ஆறு வாரத்தில் இரண்டு தடவை வந்தார். ஒருமுறை, சி-யிலிருந்து ஜி-க்குப் போகும்போது பாட்டு நின்றுவிடுகிறது என்று இன்னாசி சாரிடம் கேட்டுப் போனார். மற்றொரு முறை எதுவும் கேட்கவில்லை. விரல் நுனியைக் காட்டினார். தோல் பிய்ந்த இடம் கெட்டியாகிக் காய்த்திருந்தது. அதில் அவருக்கு ஒரு பெருமை. வீட்டுக்காரர் இப்போது எதுவும் சொல்வதில்லை, சமையல் நேரத்தில் வாசித்தால் மட்டும் எழுந்து வாசலுக்குப் போகிறார் என்றார்.

திருவிழாவுக்கு எங்கள் இருவரையும் அழைத்திருந்தார். இன்னாசி சாருக்கு அவர் கோயிலில் வேலை. நான் மட்டும் போனேன். ஞாயிற்றுக்கிழமை காலைத் திருப்பலி, அதாவது பூசை. சிறிய கோயில், கூட்டம் வெளியே பந்தல் வரைக்கும் நின்றது. நான் பக்கவாட்டுக் கதவோரம் நின்றேன். பத்துப் பதினொரு பெண்கள் ஒரே நிறச் சேலையில் இடது பக்கம் நின்றார்கள். நடுவில் நாற்காலியில் ஆரோக்கியமேரி, மடியில் அந்தப் பழுப்புக் கிடார். முன்னால் ஸ்டூலில் முதலாளி எழுதிக் கொடுத்த நோட்டு.

முதல் பாட்டில் கண்ணை நோட்டிலிருந்து எடுக்கவில்லை. கார்டு மாறும் இடத்தில் ஒரு தட்டு தவறினார். பாடுகிறவர்கள் நிற்கவில்லை. அடுத்த வரியில் ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டார். இரண்டாவது பாட்டிலிருந்து நோட்டைப் பார்க்கவில்லை.

நற்கருணை அப்பம் வாங்க ஜனங்கள் வரிசையில் போய்க்கொண்டிருந்தபோது ஐந்தாவது பாட்டு. இருந்ததிலேயே நீளமான பாட்டு. இரண்டாவது சரணத்தில் டக் என்று ஒரு சத்தம். முதல் கம்பி அறுந்து, சுருண்டு, அவர் கையின் மேல் அடித்தது. கம்பி போட்டவன் நான். ஒரு கம்பி அறுந்தால் மற்ற கம்பிகளும் கொஞ்சம் சுதி மாறும். என்ன செய்வார் என்று தெரியவில்லை. பாடிக்கொண்டிருந்த பெண்களில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் கீழே குனியவில்லை. தொங்கிய கம்பியை ஒதுக்கக்கூட இல்லை. வலது கை அதே தாளத்தில் போய்க்கொண்டே இருந்தது. சரணம் முடிந்தது, பல்லவி வந்தது, அடுத்த சரணம் வந்தது. ஐந்து கம்பியில் அந்தப் பாட்டையும் முடித்து, கடைசிப் பாட்டையும் வாசித்தார். சுதி கொஞ்சம் விலகியதை என்னைத் தவிர யாரும் கவனித்த மாதிரி தெரியவில்லை. கூட்டத்தில் இருந்தவர்கள் சேர்ந்து பாடினார்கள்.

முடிந்து வெளியே வந்தபோது அவரைச் சுற்றி ஒரே பெண்கள். வெளியூர்ப் பார்ட்டியைக் கூப்பிடலாம் என்று சொன்ன பெரியவர் ஒருவரும் வந்து நின்றாராம். சரி என்கிற மாதிரி தலையை ஆட்டிவிட்டுப் போனாராம். அதைப் பற்றி ஆரோக்கியமேரி பெரிதாகப் பேசவில்லை. என்னைக் கண்டதும் கிடாரைத் தூக்கிக் காட்டினார். புறங்கையில் சிவப்பாக ஒரு கோடு விழுந்திருந்தது.

"இந்தக் கம்பி மட்டும் தனியாக் கிடைக்குமா பாய், இல்ல ஆறும் சேர்த்துத்தான் வாங்கணுமா?"

தனியாகக் கிடைக்கும் என்றேன்.

"அப்ப ரெண்டா எடுத்து வைங்க. திங்கக்கிழமை வாரேன். கிறிஸ்மஸ்க்கு ஒம்போது பாட்டு."

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். காசு அடுக்கிப் பார்ப்பதும் கழுத்தைக் கண்ணால் பார்ப்பதும் ஒரு வாரத்தில் பழகிவிடும். சிரமம் அதில் இல்லை. பெரிய பட்ஜெட்டில் வருகிறவருக்கு நாம் தப்பாக எடுத்துக் கொடுத்தால் அவர் இன்னொன்று வாங்கிக்கொள்வார். சின்ன பட்ஜெட்டில் வருகிறவர் அப்படி இல்லை. கிடார் பேசவில்லை என்றால், தனக்குக் கை வரவில்லை என்று முடிவு செய்துவிட்டுப் போய்விடுவார். திரும்பி வந்து நம்மைக் கேட்கவும் மாட்டார். ஆரோக்கியமேரி மாதிரி தப்பு யார் மேல் என்று கேட்டு ஸ்டூலைப் போட்டு உட்காருகிறவர் நூற்றில் ஒருவர். நான் அதற்கு முன்னால் விற்ற மற்ற கறுப்புக் கிடார்கள் யாருடைய பீரோ மேல் கிடக்கின்றன என்று எனக்கு இன்றுவரை தெரியாது.